40 மீட்டர் வயரில் காணாமல் போகும் 12 வோல்ட்

தம்பி, படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பக்கம் அம்மாவின் பழைய பலகை வீடு. அப்பா நட்ட ரம்புத்தான் மரம் கூரைமேல் கவிந்து நிற்கிறது, அதை வெட்ட வீட்டில் யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் 450 வாட் பேனல் 4 வாங்கி, வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளியிருக்கிற ஆட்டுக் கொட்டகையின் தகரக் கூரையில் பொருத்தியிருக்கிறீர்கள். நான்கும் பேரலல், அதாவது பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக. அங்கிருந்து வீட்டுக்கு 4 சதுர மி.மீ. சோலார் வயர் ஒரு ஜோடி, பிவிசி குழாய்க்குள் வருகிறது. 24 வோல்ட் பேட்டரி, 150 வோல்ட் வரை தாங்கும் 60 ஆம்பியர் எம்பிபிடி கண்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரியில் ஏற்றும் கருவி), 3 கிலோவாட் இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை 230 வோல்ட் ஏசியாக மாற்றுவது) மூன்றும் வீட்டுக்குள். 1800 வாட் பேனல் இருந்தும் உச்சி வெயிலில் 700 வாட்டுக்கு மேல் ஏறமாட்டேன் என்கிறது. பொருத்தியவர் இன்னும் 2 பேனல் போடச் சொல்கிறார். கடைக்காரர் வயரை 16 சதுர மி.மீ.க்கு மாற்றச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டையும் இப்போதைக்குச் செய்யாதீர்கள். முதலில் பேனல்களை மாற்றி இணையுங்கள். அதற்குப் பெரிதாகச் செலவில்லை, பாதி வியாதி அன்றைக்கே தீரும். ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம் புரியாமல் நம் பக்கத்தில் நிறைய பேர் செம்பில் காசைக் கொட்டியிருக்கிறார்கள்.

நீங்களே மீட்டர் வைத்து அளந்தது ரொம்ப நல்ல காரியம். பிற்பகல் 1.20க்கு பேனல் முனையில் 39.5 வோல்ட், அதே நேரம் கண்ட்ரோலர் முனையில் 27.5 வோல்ட், பேனல் பக்கத்துக் கரண்ட் 26 ஆம்பியர். நடுவில் 12 வோல்ட் காணோம். 12ஐ 26ஆல் பெருக்கினால் 312 வாட். அது எங்கும் ஓடிப்போகவில்லை, 80 மீட்டர் வயரிலும் வெப்பமாக உட்கார்ந்திருக்கிறது. மீட்டருக்குக் கிட்டத்தட்ட 4 வாட். குழாயைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும்.

40 மீட்டர் தூரத்துக்கு ஏன் 80 மீட்டர் என்று சிலருக்குத் தோன்றும். கரண்ட் பிளஸ் வயரில் போய் மைனஸ் வயரில் திரும்பி வரவேண்டும், இரண்டு வயரிலும் தடை உண்டு. கணக்குப் போடும்போது இதை மறந்து, பாதி டிராப்பை (வழியில் குறையும் வோல்டேஜை) மட்டும் எழுதிக் கொடுத்த தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

4 சதுர மி.மீ. சோலார் வயருக்கு 20 டிகிரி வெப்பத்தில் கிலோமீட்டருக்கு 5.09 ஓம் தடை. 80 மீட்டருக்கு 0.407 ஓம். உங்கள் அளவில் 12ஐ 26ஆல் வகுத்தால் 0.46 ஓம் வருகிறது. மேலதிகமாக வந்த 13 சதவிகிதத்தைப் பார்த்து வயர் போலி என்று பயப்படவேண்டாம். செம்பு சூடாகச் சூடாக ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.39 சதவிகிதம் தடை கூடும். தகரக் கூரையை ஒட்டியும் வெயில் படும் குழாய்க்குள்ளும் கிடக்கிற வயர் 50 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் சாதாரணம். கொஞ்சம் கனெக்டர்களுக்கும் போயிருக்கும். ஆக வயர் நல்ல வயர்தான். அதன் மேல் ஏற்றிய சுமை தவறு.

பொருத்தியவர் ஒருநாள் காலையில் வந்து கண்ட்ரோலரைக் கழற்றிவிட்டு இரண்டு முனையிலும் அளந்து, ‘ரெண்டு பக்கமும் 44 வோல்ட், வயர்ல கோளாறு இல்ல’ என்று சொல்லிப் போனதாக எழுதியிருந்தீர்கள். கரண்ட் ஓடாத வயரில் டிராப் இருக்காது. வாசல் குழாயை மூடி வைத்திருக்கும்போது மேல்தொட்டியின் அழுத்தம் முழுசாக வாசல்வரை இருக்கும், திறந்து வாளியில் பிடிக்கும்போதுதான் குழாய் குறுகலா அடைப்பா என்று தெரியும். வோல்டேஜ் டிராப்பை அளப்பது எப்போதும் முழுச் சுமையில்தான். அதோடு, நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று. மலேசியக் கடிகாரம் கிழக்கே 120 பாகையை வைத்து ஓடுகிறது, பினாங்கு இருப்பதோ 100 பாகைக்குப் பக்கத்தில். அதனால் இங்கே உச்சிப்பொழுது சுமார் 1.20. நீங்கள் அந்த நேரத்தில் அளந்தது தற்செயலோ தெரிந்தோ, சரியான நேரம்.

இப்போது நோயின் வேர். நான்கு பேனலையும் பேரலலில் போட்டால் வோல்டேஜ் ஒரு பேனலின் அளவுதான் இருக்கும், கரண்ட் நான்கு மடங்காகும். உங்கள் பேனல் அட்டையில் 41 வோல்ட், 10.9 ஆம்பியர் என்று இருக்கிறது. அது 25 டிகிரி ஆய்வகக் கணக்கு. வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தொடும்போது 36.5 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். வெயிலும் சதுர மீட்டருக்கு முழு 1000 வாட் இருக்காது. நல்ல நாளில் ஒரு பேனலுக்கு 9.2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நான்கும் சேர்ந்து 36.8 ஆம்பியர், 36.5 வோல்ட், சுமார் 1343 வாட். உங்கள் கூரை உண்மையில் தரக்கூடியது இதுதான், 1800 இல்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 36.8 ஆம்பியரை 0.46 ஓம் வழியாக அனுப்பினால் 17 வோல்ட் போகும். 36.5இல் 17 போனால் மிச்சம் 19.5. பேட்டரியே 27க்கு மேல் நிற்கிறது. பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏறாது. அதனால் பேனல்கள் தங்கள் நல்ல இடத்தை விட்டு 39.5 வோல்ட்டுக்கு ஏறி நிற்கின்றன, கரண்ட் 26ஆகக் குறைந்துவிடுகிறது. எம்பிபிடி என்று காசு கொடுத்து வாங்கினோமே, அது செய்யவேண்டிய வேலை பேனலின் சிறந்த புள்ளியைத் தேடிப் பிடிப்பது. உள்ளே வரும் வோல்டேஜ் பேட்டரியோடு ஒட்டிக்கொண்டு நின்றால் தேட அதற்கு இடமே கிடையாது. உங்களுக்கு இரண்டு நட்டம்: வயரில் 312 வாட் ஒன்று, பேனல் தன் முழு வலுவைக் காட்ட முடியாமல் போனது இன்னொன்று. பேட்டரிக்குப் போவது 715 வாட்.

இன்னும் 2 பேனல் போட்டால்? சூடான பேனலில் கரண்டே ஓடாதபோது 44 வோல்ட். அதில் பேட்டரிக்கு 27.5ஐக் கழித்தால் 16.5. அதை 0.46ஆல் வகுத்தால் 36 ஆம்பியர். எத்தனை பேனல் அடுக்கினாலும் இந்த வயர் வழியாக அதற்கு மேல் போகவே போகாது, அந்த 36ஐயும் எட்டமுடியாது. சில ஆம்பியர் கூடும். வயர் இன்னும் சூடாகும். ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கொடுத்து குழாயைக் காய்ச்சுகிற வேலை அது.

16 சதுர மி.மீ.க்கு மாற்றினால்? கிலோமீட்டருக்கு 1.24 ஓம். 80 மீட்டருக்குச் சூட்டையும் சேர்த்து 0.112. 36.8 ஆம்பியரில் 4.1 வோல்ட், அதாவது 11 சதவிகிதம், 150 வாட் போல. நான்கு மடங்கு செம்பு போட்ட பிறகும் 11 சதவிகிதம் போகிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, முன்னேற்றம் இருக்கும். ஆனால் அந்தக் கேபிள் விலைக்கு இந்தப் பலன் போதாது.

இனி இதைப் பாருங்கள். இரண்டு பேனலை சீரியஸில், அதாவது ஒன்றின் பிளஸை அடுத்ததன் மைனஸில், கோத்து ஒரு ஜோடி, மற்ற இரண்டும் அதே மாதிரி இன்னொரு ஜோடி, இரு ஜோடிகளும் பேரலல். வோல்டேஜ் 73, கரண்ட் 18.4. அதே பழைய வயரில் டிராப் 8.5 வோல்ட், நட்டம் 156 வாட். கண்ட்ரோலர் முனைக்கு 64 வோல்ட்டுக்கு மேல் வந்து சேரும், எம்பிபிடிக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும், பேனல்கள் தங்கள் நல்ல புள்ளியில் வேலை செய்யும். பேட்டரி பக்கம் சுமார் 1190 வாட் போகும். இன்றைக்கு வருகிற 715க்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கனெக்டர்களைக் கழற்றி வேறு விதமாகச் செருகியதற்கு மட்டும் 470 வாட். ஒரு புதுப் பேனலின் பெயர்ப்பலகை அளவுக்கு மேல்.

காரணம் எளிது. அதே வாட்டை இரட்டிப்பு வோல்டேஜில் அனுப்பினால் கரண்ட் பாதியாகும். வயரின் நட்டம் கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே நாலில் ஒன்றாகும். செம்பை இரட்டிப்பாக்கினால் நட்டம் பாதிதான் குறையும். வோல்டேஜைக் கூட்டுவது எப்போதும் செம்பைக் கூட்டுவதைவிட வலுவான மருந்து. நாட்டின் பெரிய மின்கம்பங்களில் 132, 275, 500 கிலோவோல்ட் ஓடுவதும் இதற்காகத்தான்.

அப்படியானால் நான்கையும் ஒரே சீரியஸில் போடலாமே என்று கேட்பீர்கள். 146 வோல்ட், 9.2 ஆம்பியர், டிராப் 4.2 வோல்ட், 3 சதவிகிதத்துக்கும் குறைவு, நட்டம் 39 வாட். வயரைப் பொறுத்தவரை இதுதான் சிறந்தது. ஆனால் உங்கள் கண்ட்ரோலர் தாங்குவது 150 வோல்ட். அட்டையில் ஓபன் சர்க்கிட் வோல்டேஜ் (கரண்ட் ஓடாதபோது உள்ள வோல்டேஜ்) என்று 49.5 போட்டிருக்கிறதே, அதுதான் இங்கே முக்கியம். நான்குக்கு 198 வோல்ட். செருகிய அந்த நொடியில் கண்ட்ரோலர் போய்விடும், உத்தரவாதமும் கிடைக்காது. மூன்று பேனல் என்றால் 148.5, அதுவும் விளிம்பு. குளிர்நாடுகளில் பனிக்காலக் காலையில் பேனல் வோல்டேஜ் ஏறும் என்று பெரிய இடைவெளி விடுவார்கள். பினாங்கில் விடிகாலை 22, 23 டிகிரிக்குக் கீழே போவது அரிது, அதனால் அந்த ஏற்றம் நமக்குச் சொற்பம். அப்படியிருந்தும் 1.5 வோல்ட் இடைவெளியில் யாருடைய கண்ட்ரோலரையும் நான் மாட்டமாட்டேன். மழை பெய்து ஓய்ந்து, பேனல் குளிர்ந்திருக்கும்போது மேகம் சட்டென்று விலகி, மேகத்தின் ஓரத்திலிருந்தும் வெளிச்சம் சேர்ந்து அடிக்கிற கணங்கள் இங்கே தினமும் உண்டு.

எனவே முதல் படி இரண்டு இரண்டாக. 99 வோல்ட், 150க்கு நன்றாகக் கீழே. இதில் இன்னொரு நன்மை இருக்கிறது, அதை டிராப்பைவிட முக்கியமாக நினைக்கிறேன். நான்கு பேனல் பேரலலில் இருக்கும்போது ஒன்றில் ஷார்ட் ஆனால் மற்ற மூன்றும் சேர்ந்து 30 ஆம்பியருக்கு மேல் அதற்குள் தள்ளும். பேனலின் பின்னால் எழுதியிருக்கும் ஃபியூஸ் அளவு பெரும்பாலும் 20 ஆம்பியர். ஒவ்வொரு பேனலுக்கும் தனி ஃபியூஸ் இருந்தாக வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் அப்படி எதுவும் இல்லை. கீழே வைக்கோலும் ஆடும் இருக்கிற கூரையில் அது சரியில்லை. இரண்டே வரிசையாக மாற்றினால் ஒன்றுக்குள் மற்றொன்று தள்ளக்கூடியது ஒரு வரிசையின் கரண்ட் மட்டும், பேனல் அதைத் தாங்கும்.

இரண்டாம் படி, அவசரமில்லை, காசு இருக்கும்போது செய்யலாம். பேரலல் இணைப்பைக் கொட்டகையில் செய்யாமல் வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். அதாவது இன்னொரு ஜோடி 4 சதுர மி.மீ. வயர் இழுத்து, ஒவ்வொரு வரிசைக்கும் தனி ஜோடி. ஒவ்வொன்றிலும் 9.2 ஆம்பியர்தான், டிராப் 4.2 வோல்ட், 73இல் 6 சதவிகிதத்துக்குச் சற்றுக் குறைவு. மொத்த நட்டம் 78 வாட். இருக்கிற வயர் வீணாகாது. ஒரு வரிசையில் கோளாறு வந்தால் அதை மட்டும் அணைத்துவிட்டு மற்றதில் ஓட்டலாம்.

இல்லை, 250 வோல்ட் தாங்கும் கண்ட்ரோலர் வாங்கி நான்கையும் சீரியஸில் போடுகிறேன் என்றாலும் தவறில்லை. நட்டம் 39 வாட்டாகும். ஆனால் 78க்கும் 39க்கும் உள்ள வித்தியாசத்தை ஆண்டுக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். நட்டம் கரண்டின் வர்க்கம் என்பதால் மங்கலான நேரங்களில் அது அநியாயத்துக்குக் குறைந்துவிடும். பாதி வெயிலில் நட்டம் கால்தான். மேகம் சூழ்ந்த நம் வானத்தில் நாளுக்கு 3 மணி நேர முழு நட்டம் என்று எடுத்தால், 39 வாட்டுக்கு ஆண்டுக்கு 43 யூனிட் போல. யூனிட்டுக்கு 40 சென் வைத்தால் 17 ரிங்கிட். அதற்காகப் புதுக் கண்ட்ரோலர் வாங்க நான் சொல்லமாட்டேன். பழையது பழுதாகி மாற்றும் நாள் வந்தால் அப்போது 250 வோல்ட்டாக வாங்குங்கள்.

அதனால்தான் ‘டிராப் 3 சதவிகிதத்துக்கு மேல் போகவே கூடாது’ என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. புதிதாகப் போடும்போது 2, 3 சதவிகிதத்தை நோக்கிக் கணக்குப் போடுவது நல்ல பழக்கம். ஏற்கெனவே போட்டுவிட்ட வீட்டில் 5, 6 சதவிகிதம் இருந்தால், வயர் சூடாகவில்லை, கண்ட்ரோலருக்குப் போதிய வோல்டேஜ் கிடைக்கிறது என்றால், நிம்மதியாகத் தூங்கலாம்.

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் கொட்டகைக்கே கொண்டுபோய், அங்கிருந்து 230 வோல்ட்டை வீட்டுக்கு இழுத்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். கணக்கில் நன்றாகவே வரும். 3 கிலோவாட்டுக்கு 13 ஆம்பியர். 4 சதுர மி.மீ. ஏசி கேபிளுக்கு ஆம்பியருக்கு மீட்டருக்கு 11 மில்லிவோல்ட் என்பது வயர்மேன்கள் கையில் இருக்கும் அட்டவணை. அதில் போக, வர இரண்டும் அடக்கம், அதனால் 40 மீட்டரை அப்படியே போட்டால் போதும். 5.7 வோல்ட், 2.5 சதவிகிதம். 6 சதுர மி.மீ. போட்டால் 3.8 வோல்ட்.

ஆனாலும் உங்கள் இடத்தில் நான் செய்யமாட்டேன். ஆட்டுக் கொட்டகையில் சிறுநீரின் அம்மோனியா காற்றில் இருக்கும், செம்பையும் சர்க்கிட் போர்டையும் அது அரிக்கும். எலி வரும். தகரக் கூரையின் கீழ் பிற்பகல் வெப்பம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். கொட்டகைக்குப் பதிலாக நல்ல காற்றோட்டமான கல் அறை இருந்திருந்தால் இதையே முதல் வழியாகச் சொல்லியிருப்பேன். ஒரு விஷயத்தில் மட்டும் எந்த வீட்டிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது: பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் உள்ள வயர். 24 வோல்ட்டில் 3 கிலோவாட் என்றால் 125 ஆம்பியர், நட்டத்தையும் சேர்த்தால் 140. உங்கள் 40 மீட்டர் வயரில் அந்தக் கரண்ட் ஓடவேண்டுமானால் 50 வோல்ட்டுக்கு மேல் டிராப் ஆகவேண்டும், பேட்டரியிலோ 24தான் இருக்கிறது! அதனால் பேட்டரியும் இன்வெர்ட்டரும் எப்போதும் பக்கத்துப் பக்கத்தில். 2 மீட்டருக்குள், 35 சதுர மி.மீ.க்குக் குறையாமல், பேட்டரி முனையிலேயே ஃபியூஸோடு.

கண்ட்ரோலருக்கும் அதே விதி, ஆனால் காரணம் வேறு. கண்ட்ரோலர் தன் முனையில் தெரியும் வோல்டேஜைப் பார்த்துத்தான் பேட்டரி நிறைந்ததா என்று முடிவு செய்யும். 5 மீட்டர் தள்ளி 6 சதுர மி.மீ. வயரில் மாட்டி 50 ஆம்பியர் ஓட்டினால் நடுவில் 1.7 வோல்ட் போகும். கண்ட்ரோலர் 28.8 ஆகிவிட்டது என்று எண்ணிக் கரண்டைக் குறைக்கத் தொடங்கும்போது பேட்டரியில் 27.1தான் இருக்கும். வெயில் வீணாகும், பேட்டரி அரைவயிற்றோடு இரவைத் தொடங்கும். ஈய பேட்டரி என்றால் சில மாதங்களில் சல்பேட் படிந்து செத்துவிடும், பழியை எல்லாரும் பேட்டரி மேல் போடுவார்கள். பேனல் வயரில் போகிற 4 வோல்ட்டைவிட பேட்டரி வயரில் போகிற அரை வோல்ட் ஆபத்து. நீளமாக இருக்கவேண்டியது உயர்ந்த வோல்டேஜ் ஓடும் பக்கம், குட்டையாக இருக்கவேண்டியது தாழ்ந்த பக்கம்.

வயர் வாங்குவதைப் பற்றியும் சொல்லவேண்டும். செம்பு விலை ஏறிய பிறகு செம்பு பூசிய அலுமினியக் கம்பி சந்தையில் கலந்துவிட்டது. வெளியே பார்க்க அச்சாகச் செம்பு. தடை ஒன்றரை மடங்கு, 4 என்று வாங்கினால் 2.6 சதுர மி.மீ. செம்புக்குத்தான் சமம். முனையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். சுருளைக் கையில் தூக்கினாலே எடை சொல்லிவிடும், அலுமினியத்தின் அடர்த்தி செம்பில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. சோலாருக்கு வாங்குவது வெள்ளீயம் பூசிய செம்பு, அதுவும் வெள்ளையாக இருக்கும், குழம்பிவிடாதீர்கள்: அதில் சுரண்டினால் உள்ளே சிவப்பு. பழைய வயர்மேன்கள் வாயில் வரும் 7/029 என்ற அளவு சுமார் 3 சதுர மி.மீ., அதை 4 என்று சொல்லிக் கொடுத்தால் வாங்காதீர்கள். கூரையில் வெயில்படும் இடத்தில் சாதாரண வீட்டு பிவிசி வயர் சில ஆண்டுகளில் வெடித்துப் பிளந்துவிடும், அங்கே சோலார் வயர் மட்டும்.

கனெக்டர்தான் எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம். பாலிக் பூலாவில் ஒரு துரியான் தோட்டத்துப் பம்புக்கு 6 சதுர மி.மீ. வயர் கணக்குப் போட்டு இழுத்துக் கொடுத்தேன். 3 வோல்ட் டிராப் வரவேண்டிய இடத்தில் 9 வந்தது. வயரைச் சந்தேகப்பட்டு ஒருநாள் முழுக்க அலைந்தேன். கடைசியில் ஒவ்வொரு கனெக்டரின் இரு பக்கமும் மில்லிவோல்ட்டில் அளந்துகொண்டே வந்தபோது ஒன்று மட்டும் பல வோல்ட் காட்டியது. தொட்டேன், கை சுட்டது. சரியான கிரிம்பிங் இடுக்கி இல்லாமல் சாதாரண பிளையரால் நசுக்கிய முனை அது, என் ஆள் செய்தது, நான் சரிபார்க்காமல் விட்டது. இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் எரிந்திருக்கும். நல்ல கனெக்டரில் 10 ஆம்பியருக்குச் சில மில்லிவோல்ட்தான் போகவேண்டும். ஒரு கம்பெனியின் ஆண் முனையை வேறு கம்பெனியின் பெண் முனையில் செருகாதீர்கள், பொருந்துவது போலத் தெரிந்தாலும் உள்ளே பிடிப்பு வேறு. கடற்காற்று படும் வீடுகளில் இது இரட்டிப்பு முக்கியம். உங்கள் வீட்டில் இன்னும் அளக்காமல் இருப்பது இது ஒன்றுதான். நான்கு பேனலுக்கும் செய்துவிடுங்கள். டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர் தேவை, மலிவான பல கிளாம்புகள் ஏசியை மட்டும் அளக்கும், வாங்குமுன் பாருங்கள்.

மாற்றி இணைக்கும்போது கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும் கனெக்டரை இழுக்காதீர்கள். டிசியில் தீப்பொறி அணையாமல் நீண்டு நிற்கும், முகத்தைச் சுடும். முதலில் டிசி ஐசோலேட்டரை (பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து, கிளாம்ப் 0 காட்டுகிறதா என்று பார்த்து, பிறகுதான். ஏசி பிரேக்கரை டிசி பக்கம் போடக் கூடாது, அதே காரணம். டிசி பிரேக்கரிலும் பிளஸ் மைனஸ் குறி பார்த்து மாட்டவேண்டும். 99 வோல்ட் டிசி விளையாட்டில்லை. சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) சான்றிதழ் உள்ள வயர்மேன் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், வீட்டின் 230 வோல்ட் பக்கத்தை அவர் மட்டும் தொடட்டும்.

இரண்டாவது ஜோடி இழுக்கும்போது ஒவ்வொரு பிளஸும் அதன் மைனஸோடு ஒட்டியே வரட்டும். குழாயில் இடமில்லை என்று பிளஸை ஒரு பக்கமும் மைனஸை வேலியோரமாக இன்னொரு பக்கமும் இழுத்தால், அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள பரப்பு முழுக்க இடிமின்னலுக்கு ஆண்டெனா. நம் நாட்டில் இடிக்குப் பஞ்சமா? பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் 10 மீட்டருக்கு மேல் தூரம் இருந்தால் சர்ஜ் அரெஸ்டர் (மின்னலால் திடீரென்று ஏறும் வோல்டேஜை நிலத்துக்கு இறக்கும் கருவி) இரு முனையிலும் வேண்டும். உங்களுக்குக் கொட்டகையில் ஒன்று, வீட்டில் ஒன்று.

டிஎன்பி (நம் மின்சாரக் கம்பெனி) லைனோடு இணைத்த சோலார் வீடுகளில் இதே டிராப் தலைகீழாக வேலை செய்யும். ‘நல்ல வெயில்ல இன்வெர்ட்டர் அடிக்கடி ஆஃப் ஆகுது’ என்று புக்கிட் மெர்தாஜமிலிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இதுதான். அங்கே வீட்டிலிருந்து வெளியே கரண்ட் தள்ளப்படுகிறது. தள்ளவேண்டுமானால் இன்வெர்ட்டர் முனையில் வோல்டேஜ் மீட்டரைவிட உயர்ந்திருக்க வேண்டும். 5 கிலோவாட், 22 ஆம்பியர், வீட்டின் பின்புறத்திலிருந்து முன்வாசல் மீட்டர்வரை 30 மீட்டர், 4 சதுர மி.மீ. கேபிள்: 7.3 வோல்ட் உயரும். நம் நாட்டில் 230 வோல்ட்டுக்கு மேலே 10 சதவிகிதம், கீழே 6 சதவிகிதம் அனுமதி, அதாவது 253 வரை. அந்தத் தாமானில் (குடியிருப்பில்) எல்லார் கூரையிலும் சோலார் இருந்து மீட்டரிலேயே 247 நின்றால், இன்வெர்ட்டர் 254ஐப் பார்க்கும், பாதுகாப்புக்காக விலகிக்கொள்ளும். கேபிளை 10 சதுர மி.மீ. ஆக்கினால் ஏற்றம் 3 வோல்ட்டுக்குள் அடங்கி 250இல் நிற்கும். இங்கே வோல்டேஜை நாம் மாற்ற முடியாது, அதனால் செம்பு ஒன்றுதான் மருந்து, அல்லது இன்வெர்ட்டரை மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டி நீளத்தை டிசி பக்கம் விடவேண்டும். மீட்டர் முனையிலேயே 253 தாண்டினால் அது டிஎன்பி பார்க்கவேண்டிய விஷயம், தேதி நேரத்தோடு குறித்து வைத்துப் புகார் செய்யுங்கள்.

ஆட்டுக்கொட்டகையில் இரவில் எரியும் 12 வோல்ட் விளக்கு மங்கல் என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வீட்டிலிருந்து 1.5 சதுர மி.மீ. வயரில் 5 ஆம்பியரை 40 மீட்டர் அனுப்பினால் கிட்டத்தட்ட 5 வோல்ட் போய்விடும், 12இல் 7தான் மிச்சம். அந்த வயரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கொட்டகையிலேயே சிறு பேனலும் பேட்டரியும் உள்ள தனி விளக்கு ஒன்று மாட்டிவிடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மழை இல்லையென்றால் இரண்டு இரண்டாக மாற்றிவிட்டு, 1.20க்கு மறுபடி இரு முனையிலும் அளந்து எழுதுங்கள். கொட்டகையில் ஒருவர், வீட்டில் ஒருவர், தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே நேரத்தில் எண்ணைச் சொல்லவேண்டும், நடுவில் ஒரு மேகம் வந்தால் அந்த அளவு செல்லாது. 18 ஆம்பியரில் 8, 9 வோல்ட் வித்தியாசம் வந்தால் எல்லாம் சரி. 11, 12 வந்தால் எந்தக் கனெக்டர் சுடுகிறது என்று தேடுங்கள், கொட்டகைப் பக்கத்துக் கிளை இணைப்பிலிருந்து தொடங்குங்கள்.